பாடசாலையின் தொழிற்பண்பாடு: பணியேற்குமுன் ஆசிரியர் நோக்க வேண்டியவை

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியன அவருக்கு உவமைகளாகின்றன. ஆசிரியராகத் தகாதவர் யாவர், மாணாக்கர் எத்தகையோர், பாடம் கேட்கும் முறைமை யாது என்பனவும் அங்கு வகுத்துரைக்கப்படுகின்றன. கற்பிப்பதற்கு ஏற்ற காலமும் இடமும் நோக்கப்படல் வேண்டும் என்றும் அந்நூல் கூறுகின்றது. ஆயின் ஆசிரியர் யாருடன் சேர்ந்து கற்பிக்கின்றார், யாருக்குக் கட்டுப்பட்டுக் கற்பிக்கின்றார், அவரது உழைப்பின் அளவை யார் தீர்மானிக்கின்றனர் என்னும் வினாக்கள் அங்கு எழவில்லை. இது பவணந்தியாரின் குறைபாடன்று. அக்காலத்து ஆசிரியர் தாமே ஒரு நிறுவனமாக விளங்கினார். அவருக்கு அதிபர் இல்லை, நேரசூசி இல்லை, சுற்றுநிருபம் இல்லை.

நவீன பாடசாலை இந்நிலைமையை அடியோடு மாற்றியது. ஆசிரியர் வேதனத்துக்கு உழைப்பவராகவும், பலர் கூடி இயங்கும் ஒரு தொழிற்களத்தின் உறுப்பினராகவும் ஆயினர். ஆயினும் ஆசிரியரைப் பற்றி நாம் பேசும் முறை நன்னூல் வகுத்த எல்லையை இன்றும் முழுமையாகத் தாண்டவில்லை. ஆசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்று ஓயாது உபதேசிக்கின்றோம். பாடசாலை எத்தகையதாக இருந்தால் அவர் அவ்வாறு இருத்தல் சாத்தியமாகும் என்று கேட்பதில்லை. புதிதாகப் பணியேற்கப்போகும் ஆசிரியர் ஒருவர் தாம் செல்லவிருக்கும் பாடசாலையின் தொழிற்பண்பாட்டை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் பணியின் முதற் சில ஆண்டுகளிற் பெறும் பழக்கங்களே பெரும்பாலும் அவரது பணிக்காலம் முழுவதையும் ஆள்கின்றன என்பதை நினைவிற்கொண்டால், இது சிறிய விடயமன்று என்பது புலனாகும்.

1. பண்பாடு என்னும் சொல்

பண்பாடு என்றதும் மனப்பாங்கு, நல்லெண்ணம், பழகும் இனிமை முதலியனவே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ‘அங்குள்ளவர்கள் நல்லவர்கள்’ என்று ஒருவர் கூறக்கேட்டு ஒரு பாடசாலையைத் தெரிவுசெய்வது இத்தகைய கருத்துமுதல்வாத நோக்கின் விளைவாகும். நல்லவர்கள் பலர் கூடியிருந்தும் மூச்சுத்திணற வைக்கும் பாடசாலைகள் உள்ளன. குணநலனிற் சாதாரணமானவர்களைக் கொண்டு சீராக இயங்கும் பாடசாலைகளும் உள்ளன. காரணம் வெளிப்படை. வேலை எவ்வாறு பங்கிடப்படுகின்றது, தீர்மானங்கள் எங்கு எடுக்கப்படுகின்றன, பணம் யார் கையினூடாகச் செல்கின்றது, தவறு நேரும்பொழுது பழி எவர்மீது விழுகின்றது என்பனவாகிய உறவுகள் நாளடைவிற் பழக்கமாகிப் படிந்த நிலையையே நாம் தொழிற்பண்பாடு என்கிறோம். உறவுகள் அடித்தளமெனின், மனப்பாங்குகள் அவற்றின்மேல் எழுந்தவை. மேலெழுந்தவை தம் பங்குக்கு அடித்தளத்தைப் பாதிக்கின்றன என்பதும் உண்மையே. எனினும் முதலில் நோக்கவேண்டியவை உறவுகளேயாம்.

இத்துறையில் மேனாட்டில் நடைபெற்ற ஆய்வுகளும் ஏறத்தாழ இத்திசையையே சுட்டுகின்றன. ஜூடித் வொரன் லிட்டில் 1982இல் வெளியிட்ட ஆய்வொன்று அமெரிக்க நகர்ப்புறப் பாடசாலைகள் ஆறினை ஒப்பிட்டது. வெற்றிகரமான பாடசாலைகளில் ஆசிரியர்கள் கற்பித்தலைப் பற்றி அடிக்கடியும் குறிப்பாகவும் உரையாடினர். ஒருவர் வகுப்பை ஒருவர் பார்வையிட்டனர். பாடங்களைக் கூடித் திட்டமிட்டனர். ஒருவரிடம் ஒருவர் கற்றனர். சிக்காகோ நகரின் ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்த பிறைக், ஷினைடர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட நூலில், பாடசாலையின் முன்னேற்றத்துக்கும் அங்குள்ளோரிடையே நிலவும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். அமெரிக்க ஆசிரியர்கள் பணியைவிட்டு விலகுவதை ஆராய்ந்த ரிச்சாட் இங்கர்சோல், 2001இல், ஓய்வுபெறுதலைக் காட்டிலும் தொழில் நிலைமைகளே அதற்குப் பெருங் காரணமாவதை நிறுவினார். குறைந்த சம்பளம், நிருவாகத்தின் ஆதரவின்மை, மாணவர் ஒழுங்குப் பிரச்சினைகள், தீர்மானங்களில் ஆசிரியருக்குப் பங்கின்மை என்பன அவர் கண்ட காரணங்களாம்.

இவ்வாய்வுகள் பொருளாதார அமைப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது அவற்றின் வரையறை. எனினும் ஆசிரியரின் ஊக்கம் அவரது நெஞ்சிலிருந்து மட்டும் ஊறுவதன்று, வேலையின் அமைப்பிலிருந்தும் பிறப்பது என்பதை அவை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியுள்ளன.

2. இலங்கை ஆசிரியரும் தெரிவும்

இலங்கையிலே பாடசாலையைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் ஆசிரியருக்கு எந்த அளவுக்கு இருந்தது என்பதை வரலாற்றடிப்படையில் நோக்குதல் அவசியமாகும். உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளின் காலத்தில் முகாமையாளரே ஆசிரியரை நியமித்தார். சம்பளத்தின் பெரும்பகுதி அரசாங்க நன்கொடையிலிருந்து வந்தபோதிலும், நியமனமும் நீக்கமும் அவர் கையிலேயே இருந்தன. ஆசிரியரின் மதமும் குடும்பமும் சாதியும் அவரது தகைமையோடு சேர்த்து, சிலவேளைகளில் அதற்கு முன்னதாகவே, நிறுக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் இப்பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின்கீழ்க் கொண்டுவந்தன. ஆசிரியர் முகாமையாளரின் தயவிலிருந்து விடுபட்டு அரசாங்க உத்தியோகத்தராயினர். இது மறுக்கவியலாத முன்னேற்றமாகும். அதேவேளை முகாமையாளர் இருந்த இடத்தில் அரசியற் செல்வாக்குடையோரின் சிபார்சுக் கடிதம் வந்து அமர்ந்ததையும் நாம் மறைக்கவேண்டியதில்லை.

இன்று நாட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. இவற்றுக்கு நியமனம் பெறும் பட்டதாரிகளும், தேசிய கல்வியியற் கல்லூரிகளிலிருந்து வெளியேறுவோரும் வெற்றிடப் பட்டியலுக்கேற்ப அனுப்பப்படுகின்றனர். தெரிவு அவர்களுக்கு மிகக் குறைவு. இடமாற்றம் கோரும்பொழுதே ஓரளவு தெரிவு வாய்க்கின்றது. மறுபுறத்தில், 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற நிறுவனங்களாக இயங்குகின்றன. அங்கு ஆசிரியர் தாமே விண்ணப்பித்து, நேர்முகத்தேர்வுக்குச் சென்று, நிபந்தனைகளை ஏற்று ஒப்பமிடுகின்றார். சட்டப்படி அவருக்குத் தெரிவு உண்டு. வேலையின்மை நிலவும் சமூகத்தில் அத்தெரிவின் உண்மையான பெறுமதி எவ்வளவு என்பது வேறு வினா.

ஆகவே மதிப்பிடுதல் என்பது இருசாராருக்கும் வெவ்வேறு பயன் தருவது. தெரிவுள்ளவருக்கு அது ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க உதவும். தெரிவில்லாதவருக்கு எங்கே காலூன்றுவது, எதற்கு ஆயத்தமாவது, யாரோடு சேர்வது என்று அறிய உதவும்.

3. நோக்கவேண்டிய களங்கள்

அ. நேரம். பாடசாலையின் உண்மையான அதிகார அமைப்பை அதன் நேரசூசியைப்போலத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டுக் கொண்ட நாளில், ஐந்து நாள்களுக்கு நாற்பது பாடவேளைகள் ஆகின்றன. அவற்றுள் எத்தனை யாருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன? உயர்தர வகுப்புகள் சிலருக்கு நிரந்தர உடைமையாகவும், எவரும் விரும்பாத வகுப்புகள் புதியவருக்கு வரவேற்பாகவும் அமைகின்றனவா? விடுமுறையில் நிற்கும் ஆசிரியரின் பதிற்பாடங்கள் எந்த ஒழுங்கில் வழங்கப்படுகின்றன? இனிமேல் தரப்படும் என வாக்களிக்கப்படும் நேரசூசியை நம்பாது, சென்ற ஆண்டு நடைமுறையிலிருந்ததைக் கேட்டறிதல் நன்று. ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் கூடி உருவாக்கி, 1966 ஒக்டோபர் 5ஆந் திகதி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய விதப்புரை இவ்விடத்தில் நினைவுகூரற்பாலது. கற்பித்தல் நேரத்தை வரையறுக்கும்பொழுது மாணவர் தொகை, பாட ஆயத்தத்துக்கும் மதிப்பீட்டுக்கும் தேவையான நேரம், கற்பிக்க வேண்டிய வெவ்வேறு பாடங்களின் எண்ணிக்கை முதலியன கணக்கிலெடுக்கப்படல் வேண்டும் என அது கூறுகின்றது. வகுப்பறைக்கு வெளியே செய்யப்படும் வேலையும் வேலையே என்னும் எளிய உண்மை ஒரு பாடசாலையில் ஏற்கப்பட்டுள்ளதா என்பதே முதற் சோதனையாகும்.

ஆ. ஏடுகள். வரவுப் பதிவேடு, சம்பவத்திரட்டுப் புத்தகம், பாடக்குறிப்புப் புத்தகம், கூட்ட அறிக்கை ஆகியன எல்லாப் பாடசாலைகளிலும் உள்ளன. அவை எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன என்பதிலேயே வேறுபாடு உள்ளது. பாடக்குறிப்பில் அதிபரோ பகுதித்தலைவரோ வெறுமனே ஒப்பமிடுகின்றாரா, அன்றிப் படித்து ஓரிரு சொற்களேனும் எழுதுகின்றாரா? ஆசிரியர் கூட்ட அறிக்கையில் மேலிருந்து வந்த அறிவித்தல்கள் மட்டும் உள்ளனவா, ஆசிரியர் எழுப்பிய விடயங்களும் அவற்றின் முடிவுகளும் பதியப்பட்டுள்ளனவா? சம்பவத்திரட்டுப் புத்தகம் பாடசாலையின் வரலாறாக இருக்கின்றதா, ஆசிரியரை அச்சுறுத்தும் ஆயுதமாக இருக்கின்றதா? புதியவர் இவ்வேடுகளைப் பார்வையிட முடியாது. ஆயின் அங்கு கற்பித்தவர்களிடம் இவ்வினாக்களைக் கேட்க முடியும். விடை பெரும்பாலும் தயக்கமின்றி வரும்.

இ. பணம். இலவசக் கல்வி 1945இலிருந்து நம் நாட்டின் பெருமையாக இருந்து வருகின்றது. நடைமுறையில் வசதிக் கட்டணமாகவும் விழாச் செலவாகவும் பெற்றோரிடம் பணம் திரட்டப்படுவதை அனைவரும் அறிவர். அதைத் திரட்டும் பொறுப்பு வகுப்பாசிரியர்மீது சுமத்தப்படுகின்றதா, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படுகின்றதா என்பவற்றை விசாரித்தல் வேண்டும். பணம் கொண்டுவராத பிள்ளையைப் பெயர்சொல்லி எழுப்பும்படி ஆசிரியர் பணிக்கப்படும் இடத்தில், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு ஏற்கெனவே நஞ்சூட்டப்பட்டுவிட்டது.

தனியார் நிறுவனங்களில் இக்களம் மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. நியமனக் கடிதம் எழுத்தில் தரப்படுகின்றதா, ஆண்டு விடுமுறைக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவுகளும் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன என்பன முதலில் அறியப்படல் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் 3 வீதமும் செலுத்தவேண்டும் என்பது சட்டம். இதனைக் கேட்பது பண்பற்ற செயல் என முகஞ்சுளிக்கும் நிருவாகம் தன் பண்பாட்டைத் தானே வெளிப்படுத்திவிடுகின்றது.

ஈ. பேச்சு. ஆசிரியர் அறையிலே எவை பேசப்படுகின்றன? சம்பளமும் இடமாற்றமும் சந்தை விலையும் பேசப்படுதல் இயல்பே. அவை ஆசிரியரின் வாழ்க்கையல்லவா? ஆனால் ஏழாந் தரப் பிள்ளைகள் பின்னத்தை ஏன் விளங்கிக்கொள்ளவில்லை என்று ஒருவர் கேட்டால், அவ்வினா அவரது இயலாமையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றதா, எல்லோருக்கும் பொதுவான பிரச்சினையாகக் கொள்ளப்படுகின்றதா? லிட்டில் கண்ட வேறுபாடு இதுவே. இதனோடு, யார் யாருடன் அமர்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. பட்டதாரிகள், பயிற்றப்பட்டோர், ஆண்டுக்கணக்காகச் சொற்ப வேதனத்துடன் பணியாற்றும் தொண்டராசிரியர்கள் என்னும் பிரிவுகள் கதிரைகளின் வரிசையிலும் தெரியக்கூடும். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனத்துக்காக 1920களின் பிற்பகுதியில் நடந்த போராட்டம் மாணவரின் வாங்குகளைப் பற்றியது. ஆசிரியரின் கதிரைகளைப் பற்றிய வினா முற்றாகத் தீர்ந்துவிட்டதென்று எவரும் உறுதியாகக் கூறார்.

கூடிப்பேசுதல் என்பதிலும் போலி உண்டு. அன்டி ஹார்கிரீவ்ஸ் ‘வலிந்தமைத்த தோழமை’ என்னும் பொருள்படும் தொடரால் அதனைக் குறித்தார். மேலிடத்தின் கட்டளைப்படி, குறித்த நாளில், குறித்த படிவத்தை நிரப்புவதற்காகக் கூடுவது அத்தகையது. பாடத்துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிற்றரசுகளாகப் பிரிந்து நிற்கும் நிலையையும் அவர் சுட்டிக்காட்டினார். எனவே ஒரு பாடசாலையில் ஒரே பண்பாடுதான் இருக்கும் என எண்ணிவிடலாகாது. ஆரம்பப் பிரிவும் உயர்தரப் பிரிவும் ஒரே மதிலுக்குள் இருந்தும் இருவேறு உலகங்களாக இருக்கக்கூடும். தாம் எப்பிரிவுக்குச் செல்கின்றோம் என்பதை அறிந்து அப்பிரிவைப் பற்றியே விசாரித்தல் வேண்டும்.

உ. கடைசி வகுப்பு. பாடசாலையை மதிப்பிட விரும்புபவர் பரிசளிப்பு விழாவன்று செல்லலாகாது. சாதாரண நாளொன்றில், முடியுமாயின் இடைவேளைக்குச் சற்று முன்னர், செல்லுதல் நன்று. முன்மண்டபத்தில் தொங்கும் புலமைப்பரிசிற் பெறுபேற்றுப் பட்டியலை வாசித்தபின், அப்பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகள் எங்கே இருத்தப்பட்டுள்ளனர் என்று நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு தரத்திலும் கடைசிப் பிரிவுக்கு எந்தக் கட்டடம், எந்த ஆசிரியர், எத்தனை வெற்றுப் பாடவேளைகள்? மலசலகூடத்தின் நிலை யாது? பிரம்பு யார் கையில் இருக்கின்றது? பலமற்ற பிள்ளையை ஒரு நிறுவனம் எவ்வாறு நடத்துகின்றதோ, ஏறத்தாழ அவ்வாறே பலமற்ற ஆசிரியரையும் நடத்தும்.

ஊ. விலகிச் சென்றவர்கள். வெற்றிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. தாம் நிரப்பப்போகும் இடத்தில் முன்னர் இருந்தவர் ஏன் சென்றார், கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை பேர் சென்றனர் என்பன மிகவும் பயனுள்ள வினாக்களாகும். ஓய்வும் திருமணமும் ஊர்மாற்றமும் இயல்பான காரணங்கள். ஒரே பாடத்துக்கு ஆண்டுதோறும் புதியவர் தேடப்படுவாராயின் காரணத்தை ஆட்களிலன்றி அமைப்பிலேயே தேடவேண்டும்.

4. நேர்முகத்தேர்வும் அதன் வரம்பும்

நேர்முகத்தேர்வு ஒருவழிப் பாதையன்று. கேட்கப்படும் வினாக்களே நிறுவனத்தைப் பற்றிய சான்றுகளாகும். பாடத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வினாவேனும் கேட்காது, பின்னேர வேலைக்கும் சனிக்கிழமை வேலைக்கும் ஆயத்தமா என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்பவர்கள் தமக்குத் தேவையானது ஆசிரியரன்று, நேரம் என்பதைச் சொல்லாமற் சொல்கின்றனர். ‘நாங்கள் ஒரே குடும்பம்போல’ என்னும் வாக்கியமும் கவனத்துக்குரியது. குடும்பத்தில் வேலைநேரம் எழுதப்படுவதில்லை. மறுப்பதற்கு உரிமையும் இல்லை. ‘ஆசிரியப்பணி புனிதமானது’ என்பதும் அத்தகையதே. பணியின் உயர்வை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஊதியமற்ற உழைப்பைக் கோரும் வேளைகளில் மாத்திரம் அப்புனிதம் நினைவுகூரப்படுமாயின், அது கருத்துநிலையாகத் தொழிற்படுகின்றது என்பதே பொருள். சம்பள முரண்பாட்டை நீக்கக்கோரி 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியரும் அதிபரும் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபொழுது, அதே புனிதம் அவர்களுக்கு எதிரான வாதமாகப் பயன்படுத்தப்பட்டதை நாம் கண்டோம்.

புதியவர் கேட்கத்தக்க வினாக்கள் சிலவே. முதலாண்டில் எனக்கு வழிகாட்டுபவர் யார்? வகுப்பிற் பிரச்சினை எழுந்தால் முதலில் யாரிடம் செல்லவேண்டும்? பெற்றோர் முறையிட்டால் ஆசிரியரின் விளக்கம் எந்தக் கட்டத்திற் கேட்கப்படும்? இவற்றுக்கான விடை எவ்வளவு குறிப்பானது என்பதே முக்கியம். பொதுப்படையான புகழுரையைக் காட்டிலும், ‘சென்ற ஆண்டு இவ்வாறு நடந்தது, இவ்வாறு தீர்த்தோம்’ என்னும் ஒரு விடை பெறுமதி மிக்கது. குறைபாடொன்றைத் தயங்காது ஒப்புக்கொள்ளும் அதிபரின்கீழ்ப் பணியாற்றுதல், குறையே இல்லை என்பவரின்கீழ்ப் பணியாற்றுவதிலும் எளிது.

இம்மதிப்பீட்டுக்கு வரம்புகளும் உண்டு. ஒருநாட் பார்வை ஏமாற்றக்கூடும். தனிப்பட்ட மனக்கசப்பு ஒருவரின் சாட்சியத்தைத் திரிக்கக்கூடும். ஆகவே ஒருவரிடமன்றி, வெவ்வேறு காலத்தில் விலகிய இருவர் மூவரிடம் கேட்டல் வேண்டும். அதிபரின் இடமாற்றம் ஓராண்டில் பலவற்றை மாற்றிவிடவும் கூடும். பண்பாடு உறைந்த பொருளன்று, முரண்பாடுகளினூடாக இயங்குவது.

5. வறுமையும் சீர்கேடும்

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழலாம். தெரிவுள்ள ஆசிரியர் யாவரும் நல்ல பாடசாலைகளையே நாடிச் செல்வராயின், பின்தங்கிய பாடசாலைகளின் பிள்ளைகள் என்னாவர்? இவ்வாட்சேபம் நியாயமானது. அதற்கு விடைகாண வேண்டுமாயின் வறுமையையும் சீர்கேட்டையும் வேறுபடுத்தல் வேண்டும். மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் அரசால் பொறுப்பேற்கப்படும்வரை கல்வியமைப்பின் விளிம்பிலே நெடுங்காலம் கிடந்தன. வன்னியின் பாடசாலைகள் பல போரினாற் சிதைந்து மீண்டவை. கட்டடமும் தளபாடமும் இல்லாமை அவற்றின் பண்பாட்டைப் பற்றி எதனையும் தீர்மானமாகக் கூறுவதில்லை. மூன்று ஆசிரியர்கள் ஆறு வகுப்புகளைக் கூடித் திட்டமிட்டு நடத்தும் ஒரு சிறிய பாடசாலையில், நகரத்து 1 ஏபி பாடசாலை ஒன்றிற் காணவியலாத தொழிற்பண்பாடு நிலவக்கூடும். பளிங்குத் தரையும் கணினிக் கூடமும் உள்ள இடத்தில் ஆசிரியர் ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலையும் இருக்கக்கூடும். எனவே நாம் மேலே கூறிய அளவுகோல்களில் எதுவும் செல்வத்தை அளப்பதன்று. நேர்மையான நேரசூசிக்குப் பணம் தேவையில்லை. கூட்ட அறிக்கையை உண்மையாக எழுதுவதற்கும் பணம் தேவையில்லை.

சீர்கெட்ட பாடசாலைக்குச் செல்லவேண்டிய கட்டாயம் நேரும்பொழுது, முன்னறிவு ஆசிரியரைத் தனிமையிலிருந்து காக்கும். தமக்கு நேர்வது தம் தகுதிக்குறைவால் அன்று என்பதை அவர் அறிவார். எத்தகைய பாடசாலையிலும் ஒழுங்காகப் பாடம் நடத்தும் இருவரேனும் இருப்பர். அவர்களை முதல் மாதத்திலேயே இனங்கண்டு சேர்ந்துகொள்வது முதற் கடமையாகும்.

முடிவாக ஒன்று கூறவேண்டும். பாடசாலைகளைப் பற்றிய அறிவு இன்று தனிமனிதரின் செவிவழிச் செய்தியாகவே உள்ளது. உறவினரோ நண்பரோ உள்ளவர் அறிகின்றார். முதல் தலைமுறைப் பட்டதாரி, அதிலும் தோட்டத்திலிருந்தோ தூரக் கிராமத்திலிருந்தோ வருபவர், அறியாது செல்கின்றார். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் போராடுவதோடு, பாடசாலைதோறும் பாடவேளைப் பங்கீடு, பதிற்பாட ஒழுங்கு, ஆசிரியர் விலகல் ஆகியவற்றை ஆண்டுதோறும் திரட்டித் தம் உறுப்பினருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் தம் பழைய உறுப்பினரான ஆசிரியர்களைக் கொண்டு இதனைத் தொடங்கலாம். அவ்வாறு செய்யின், ஒவ்வொரு புதிய ஆசிரியரும் தனித்து நின்று ஊகிக்கவேண்டிய நிலை நீங்கும். தம் நேரசூசியும் கணக்கும் பிறரால் வாசிக்கப்படும் என்பதைப் பாடசாலைகளும் உணரும்.